சேலை விரித்துக் கேட்ட அரபிப் பாட்டு

ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். என் அத்தைக்கு அதைச் சொல்ல இரண்டு பழைய நூல் சேலைகள் வேண்டும். எது சரியான முறை என்று இந்தப் பிப்ரவரிக்கு முன்னால் கேட்டிருந்தால், யோசிக்காமல் என் முறைதான் என்றிருப்பேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கம்பத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறாள். கல்தூண் நட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, கொடியை அதன்மேல் ஏற்றிவிட்ட பந்தல். நான் நிமிர்ந்து நடந்தால் கொத்துகள் நெற்றியில் இடிக்கும். தோட்டத்தை ஒட்டி அவளுக்கே இன்னும் மூன்று ஏக்கர் உண்டு. அதில் வாழை வெட்டி முடித்து, உழுது, சும்மா போட்டிருந்தாள். அந்தச் சும்மா கிடந்த நிலத்தில்தான் எல்லாம் நடந்தது.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு தேடுவது எனக்கு ஒரு நோய் மாதிரி. நேற்றுவரை கேட்டிராத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு யாரிடமாவது சொல்லாமல் சோறு இறங்காது. அத்தை என்னை அறிமுகப்படுத்தும்போது, "காதுல வயரோட பொறந்தவ" என்பாள்.

கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்த ஒருவர் கொச்சியில் இருந்துகொண்டு இசைத் திருவிழாக்கள் நடத்துகிறார். குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் நடத்துவதாக இருந்தது. காடு பக்கம் என்று அனுமதி கிடைக்கவில்லை. மூன்று வாரம்தான் மிச்சம். "உங்க ஊர்ல மலை தெரியிற மாதிரி ஒரு இடம் கிடைக்குமா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் மலை தெரியாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று சொல்லிவிட்டு, அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன்.

அத்தை தகர டின்னும் குச்சியுமாகத் தோட்டத்து ஓரத்தில் நின்றிருந்தாள். பழம் கறுக்க ஆரம்பித்தால் கிளி வந்துவிடும். வலை கட்டும் தோட்டங்களும் உண்டு. வலையில் மாட்டிக்கொள்ளும் சிட்டுகளைப் பிரித்தெடுப்பது அத்தைக்குப் பிடிக்காது. அதனால் இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டு, அவளும் நின்று, காலையிலும் சாயங்காலமும் டின்னைத் தட்டுவாள். நான் விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு பேர் வருவார்கள், எங்கே வண்டி நிறுத்துவார்கள் என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"எம்புட்டு சத்தமா வைப்பாக?"

"ரொம்ப சத்தம் அத்தை. நெஞ்சுக்குள்ள வந்து அடிக்கும்."

"கிளிக்கு நெஞ்சு இருக்கா?"

"இருக்கும்ல."

"அப்ப ரெண்டு நாளும் வரச் சொல்லு."

இப்படித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு இசைத் திருவிழா வந்து சேர்ந்தது. கிளி விரட்ட. சத்தத்துக்கு மாலை ஆறு மணி வரைதான் அனுமதி என்பதால் பகலிலேயே எல்லாம் முடிந்துவிடும். கிளி வரும் நேரமும் பகல்தான். அத்தைக்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது.

"ஏத்தா, நெஞ்சுல அடிக்கும்னியே. பழத்துலயும் அடிக்குமா?"

அதை நான் யோசிக்கவில்லை. பன்னீர் திராட்சைக்கு மணம் அதிகம், தோல் மெல்லிசு, காம்புப் பிடிப்பு அதைவிட மெல்லிசு. நன்றாகப் பழுத்த கொத்தைத் தூக்கி ஆட்டினால் பழம் பொலபொலவென்று உதிரும். அத்தையின் தோட்டத்தை உத்தமபாளையத்து வியாபாரி ஒருவர் பேசி முடித்திருந்தார். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். திருவிழா சனி, ஞாயிறு. பாய் வெட்ட வருவது புதன். வெட்டுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு சோதனை உண்டு: தோட்டத்துக்குள் போய், தனக்குத் தோன்றிய கொத்து ஒன்றைக் காம்பைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்குவார். நாலைந்து பழத்துக்கு மேல் விழுந்தால், "லாரி தாங்காது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமல் போய்விடுவார். அப்புறம் மொத்தமும் ஜூஸ் போடுகிறவர்களுக்குத்தான். மருந்தடித்து, கொடியை வெட்டிக் கவாத்து பண்ணி, நாலு மாதம் நின்ற நிற்பு எல்லாம் அந்த இரண்டு உலுக்கில் இருக்கிறது.

நான் படித்தவள் அல்லவா? சத்தம் காற்றில் எப்படிப் போகிறது, தூரம் கூடினால் எப்படிக் குறைகிறது என்று போனிலேயே பத்து நிமிடம் பாடம் நடத்தினேன். முடிவில், "சத்தத்தால ஒரு பழம்கூட விழாது அத்தை. நான் பொறுப்பு" என்றேன்.

"நீ பொறுப்புன்னா நீதான் எண்ணணும்" என்றாள் அத்தை.

மேடைக்கு மிகப் பக்கத்தில் இருந்த திராட்சை வரிசையின் அடியில், அத்தையின் பழைய நூல் சேலைகள் இரண்டை விரித்தோம். ஒன்று வெள்ளை, ஒன்று வெளுத்துப்போன மஞ்சள். தோட்டத்துக்கும் விழா நடக்கும் நிலத்துக்கும் நடுவில் கயிறு கட்டினோம். ஒவ்வொருவர் பாட்டுக்கும் நடுவில் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை நான் பந்தலுக்குள் குனிந்து போய், சேலையில் விழுந்த பழத்தை எண்ணி, எடுத்துவிட்டு, அத்தையிடம் சொல்ல வேண்டும். ஒருவர் பாட்டில் ஐம்பதுக்கு மேல் விழுந்தால் அத்தை எழுந்து ஜெனரேட்டருக்குப் போய்விடுவாள்.

"அது எங்கன இருக்குன்னு பாத்து வச்சுட்டேன்" என்றாள்.

நான் வெள்ளிக்கிழமையே ஒரு மணி நேரம் சேலையை விரித்துப் போட்டு, சத்தமே இல்லாமல் எத்தனை விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். ஒன்பது. காற்றுக்கும் அணிலுக்கும் விழுவது. எதையும் அளப்பதற்கு முன்னால் வெறும் அளவு ஒன்று வேண்டும். கல்லூரியில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை வந்தார்கள். கொச்சி, பெங்களூர், மதுரை, இன்னும் எங்கிருந்தெல்லாமோ. கழுத்தில் துணிப்பட்டை, காலில் சேற்றுக்கு வாங்கிய பூட்ஸ். எங்கள் ஊரில் பிப்ரவரியில் சேறு ஏது? வாழைக் காட்டுப் புழுதியில் அந்த பூட்ஸ்களோடு நடந்தார்கள். முதலில் கிடாரோடு ஒரு பெண் மெல்லப் பாடினாள். போய் எண்ணினேன். ஏழு.

"சும்மா இருந்தாலே ஒம்பது விழுகும்னியே. இந்தப் பொண்ணு பாடுனா ஒட்டிக்கிடுது போல" என்றாள் அத்தை.

அடுத்து பெங்களூர்க்காரர் ஒருவர் லேப்டாப் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். முப்பத்தெட்டு. அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு என்ன வேலை பாக்குறாரு? இஸ்திரி போடுற மாதிரியே நிக்கிறாரு."

"பாட்டைக் கலந்து விடுறாரு அத்தை."

"யாரு பாட்டை?"

அடுத்த எண்ணிக்கைக்கு நேரமாகிவிட்டது என்று நான் பந்தலுக்குள் குனிந்துவிட்டேன்.

ஆனால் கிளி ஒன்றுகூட வரவில்லை. அன்று சாயங்காலம் அத்தை டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து காபி குடித்தாள். இத்தனை வருடத்தில் பழம் கறுத்த நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசியாக வருபவர்களுக்காகத்தான் நான் காத்திருந்தேன். நான் மூன்று வருடமாகக் கேட்டுவரும் குழு. அவர்களுக்கு முன்னால், மூன்று மணிக்கு என்று ஒரு வரி இருந்தது: அரபு நடன இசை. அவ்வளவுதான். தேடிப் பார்த்தேன். ஏதோ கல்யாண மண்டபத்தில் போனில் எடுத்த இரண்டு துண்டுப் படங்கள் கிடைத்தன. அதில் பாதி நேரம் யாரோ ஒருவருடைய தோள்தான் தெரிந்தது. எனக்கு ஒரே எரிச்சல். "இவுகளை ஏன் போட்டீங்க?" என்று சீனியரிடம் கேட்டேன். கொச்சியில் பாடிவிட்டுச் சென்னை போகிற வழியில் அவர்களுக்கு ஒரு நாள் சும்மா இருக்கிறதாம், அதனால் போட்டேன் என்றார்.

அன்று மதியம் பாய், புதனுக்கு முன்னால் பழத்தை ஒரு பார்வை பார்த்துப் போகலாம் என்று வந்தார். வந்தவரைக் கிளி விரட்டும் பெண்கள் இருவரும் பிடித்துக்கொண்டார்கள்.

"பாய், அடுத்து அரபிப் பாட்டாம்ல. எங்களுக்கு அர்த்தம் சொல்லுங்க."

"எனக்கு எங்கம்மா தெரியும்? ஓதத் தெரியும். அது வேற."

"பதினோரு வருசம் அங்கன இருந்துட்டு வந்தீகள்ல?"

"ஜித்தாவுல குடோன்ல இருந்தேன். நான் பேசுன அரபி எல்லாம் தூக்கு, இறக்கு, அங்கன வை, உடையாம மெதுவா வை. இதுல காதல் பாட்டு எங்கிட்டு வரும்?" என்றார் பாய். ஆனாலும் போகவில்லை. அத்தையின் டின்னுக்குப் பக்கத்தில் இன்னொரு டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார்.

மேடைக்கு மூன்று பேர் வந்தார்கள். கீபோர்டுக்காரர் ஒருவர். இடுப்பு சிறுத்த குடம் போன்ற உலோக முழவைத் தொடைமேல் சாய்த்துக்கொண்டு ஒருவர். பாடுகிறவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தொளதொளவென்ற சட்டை, ஓட்டப் பந்தயத்துக்குப் போடுகிற ஷூ. நம் படங்களில் அரபிப் பாட்டு என்றால் வருகிற ஜிகினா ஒன்றும் இல்லை. அந்த ஜிகினாவைத் தவிர அரபி இசை என்று எனக்கும் வேறு எதுவும் தெரியாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கீபோர்டு ஆரம்பித்தது. அரை நிமிடத்தில் நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்: சுருதி சரியில்லை. ஒரு சுரம் அது இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே தொங்கியது. அடுத்த முறையும் அதே இடத்தில் தொங்கியது. மூன்றாம் முறை அது வருவதற்காக நான் காத்திருப்பதைக் கவனித்தேன். வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் இல்லாத ஒரு கட்டையை அந்த மனிதர் அழுத்திக்கொண்டிருந்தார். வேண்டுமென்றுதான். அந்தச் சுரம் வந்து விழுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்கழுத்தில் சிலிர்த்தது.

பிறகு முழவு சேர்ந்தது. அதற்கப்புறம் நான் எழுதிய தீர்ப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

பாடுகிறவர் இரண்டாவது பாட்டில் மைக்கோடு கீழே இறங்கிவிட்டார். முதலில் நின்றவர் கையைப் பிடித்தார், அவர் கையை இன்னொருவர் கையில் கொடுத்தார். வரிசையாகத் தோளோடு தோள் உரச நிற்க வேண்டும். இடமிருந்து வலமாக நகர வேண்டும். குறுக்கே ஒரு கால், பக்கத்தில் ஒரு கால், மறுபடி குறுக்கே ஒன்று, பக்கத்தில் ஒன்று, பிறகு காற்றில் ஒரு உதை, கடைசியில் நிலம் அதிர ஒரு மிதி. மொத்தம் ஆறு. பாட்டோ நாலு நாலாகப் போகிறது. நாலுக்கு மேல் ஆறை வைத்தால் மிதி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். நான் எண்ணிக்கொண்டிருந்த வரைக்கும் வரவில்லை. பெங்களூரிலிருந்து பாட்டு கேட்க வந்திருந்த பையன் ஒருவன் என்னை இழுத்து வரிசையில் சேர்த்து, "எண்ணாதீங்க" என்றான். எண்ணுவதை விட்டேன். வந்துவிட்டது.

எதை எண்ணுவதை விட்டேன் என்பதுதான் விஷயம்.

வரிசை நீண்டுகொண்டே போனது. கொச்சி, பெங்களூர், மதுரை, டீ விற்க வந்தவர், வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுத்தவர். இருநூறு கால்கள் ஒரே நேரத்தில் உழுத மண்ணில் இறங்கின. புழுதி முழங்கால் வரைக்கும் எழும்பியது. ஒலிப்பெட்டிகளில் தரையோடு வைக்கிற பெரிய பெட்டிகள் நாலும் தோட்டத்தைப் பார்த்துத்தான் இருந்தன. கிளிக்காக நான்தான் அப்படி வைக்கச் சொல்லியிருந்தேன்.

அத்தை கத்தவில்லை. ஜெனரேட்டருக்கும் போகவில்லை. வெள்ளைச் சேலையின் நாலு முனைகளையும் சேர்த்து மூட்டையாகப் பிடித்துக்கொண்டு, ஆடுகிறவர்களுக்கு நடுவே நேராக என்னிடம் நடந்து வந்தாள். மூட்டை இருந்த கனத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. எண்ணத் தேவையே இல்லை. துணியின் அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் நனைந்திருந்தது.

"பொறுப்பு எங்கன போச்சுன்னு தேடி வந்தேன்" என்றாள்.

"அத்தை, நான்…"

"இன்னும் ரெண்டு பாட்டு ஓடட்டும். புதன்கிழமை பாய் வெறும் கம்பியையும் கல்லுத்தூணையும் தூக்கிட்டுப் போவாக."

என் ஒரு கை பெங்களூர்ப் பையனிடம் இருந்தது. இன்னொரு கை பாடுகிறவரிடம். அவர் என் முகத்தையும் அத்தை முகத்தையும் பார்த்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார். மேடையை நோக்கிக் கையைக் காட்டினார். இசை நின்றது. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்துக் கடித்து, தோலை நாக்கில் வைத்துப் பார்த்து, எதையோ கேட்டார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வரவில்லை. படபடப்பில் எனக்கும் வரவில்லை. யாரோ, "பாய்! பாய்!" என்று கூப்பிட்டார்கள்.

பாய் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பெண் முகம் மலர்ந்துபோய் நிறையப் பேசினார். பாய் நடுவில் இரண்டு தடவை கையைக் காட்டி மெதுவாகப் பேசச் சொன்னார்.

"என்ன சொல்றாக?" என்றாள் அத்தை.

"கொடியைப் பாக்கணும்கிறாக. அவுக அம்மா வீட்டுலயும் திராட்சைதானாம். அங்கன கொடி தரையில படுத்துக் கிடக்குமாம். பந்தல் கிடையாதாம். அதுக்கு மேல எனக்குப் புரியலை தங்கச்சி, குடோன்ல கொடி கிடையாது."

அத்தை கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் பெண் குனிந்து பந்தலுக்குள் போனார். நாங்கள் பின்னால் போனோம். ஒரு கொத்துக்குக் கீழே நின்று, பழத்தில் விரல் படாமல், இரண்டு விரலை அடியில் கொடுத்துக் கொத்தின் பாரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். அத்தை எப்போதும் அப்படித்தான் தூக்குவாள். நான் தொட்டால் கையில் அடிப்பாள்.

"ம். தொடத் தெரிஞ்ச கைதான்" என்றாள் அத்தை. அவள் குரல் இறங்கியிருந்தது.

அப்போதுதான் தெற்குப் பக்கத்திலிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. பாட்டு நின்று ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பச்சையாக ஒரு கூட்டம் மலைப் பக்கமிருந்து சரிந்து வந்து பந்தல்மேல் இறங்கியது. இரண்டு நாளாகப் பட்டினி கிடந்த கிளிகள். அத்தை, "ஹோய்" என்று கத்திக்கொண்டு ஓடினாள். பாடகியும் அதே வேகத்தில், கையில் இருந்த மைக்கால் கல்தூணைத் தட்டிக்கொண்டு ஓடினார். மைக் இன்னும் உயிரோடு இருந்ததால் அந்தத் தட்டல் மூன்று ஏக்கருக்கும் கேட்டது. கிளிகள் எழும்பி, ஒரு வட்டம் போட்டு, பக்கத்துத் தென்னையில் போய் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன.

பாட்டு வைத்தால் பழம் உதிரும். வைக்காவிட்டால் கிளி தின்னும். அத்தை என்னைப் பார்த்தாள். படித்தவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்திருக்கலாம். பாடகிதான் தரையில் இருந்த பெரிய பெட்டிகளைக் காட்டி, கையை மலைப் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அவற்றின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் அதிர்வு தோட்டத்துக்கு அவ்வளவாக வராது. மேலே தொங்குகிற சின்னப் பெட்டிகளின் சத்தம் மட்டும் இந்தப் பக்கம் வரும்.

சீனியர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பெட்டியும் எட்டுப் பேர் தூக்க வேண்டிய கனம். முழவுக்காரரும் கீபோர்டுக்காரரும் ஒரு பக்கம் பிடித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் பூட்ஸ்காரர்களும் மறுபக்கம் பிடித்தார்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியவில்லை. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஷீல்! தூக்கு!" என்று ஒரு குரல். பாய்.

அவர் டின்னின்மேல் ஏறி நின்றிருந்தார். தூக்கு. இறக்கு. அங்கே வை. உடையாமல் மெதுவாக வை. பதினோரு வருடம் குடோனில் பேசிய அரபி முழுவதும் ஒரு சொல் வீணாகாமல் வெளியே வந்தது. ஒவ்வொன்றையும் அரபியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னார். நாலு பெட்டியும் மலையைப் பார்த்துத் திரும்பிய பிறகு கீழே இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கிளி விரட்டும் பெண்களிடம் சொன்னார்: "அர்த்தம் கேட்டீகள்ல. இதான் அர்த்தம்."

மறுபடி ஆரம்பித்தார்கள். முழவின் அடி மலைக்குப் போய், கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. ஒரு மிதிக்கு இரண்டு மிதி கேட்டது. ஆடுகிறவர்கள் எதை நம்புவது என்று தெரியாமல் கால் தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். தோட்டத்துப் பக்கம் சத்தம் குறைந்துவிட்டதால் தெற்கு ஓரத்துக்குக் கிளி வரத்தான் செய்தது. அத்தையும் அந்தப் பெண்கள் இருவரும் கயிற்றோரம் நின்று டின்னைத் தட்டினார்கள்.

முழவுக்காரருக்கு டின் சத்தம் கேட்டுவிட்டது. அத்தையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, அவள் அடிக்கு ஏற்ற மாதிரி வாசிக்கப் பார்த்தார். அத்தை இரண்டு அடித்தாள். அவரும் இரண்டு. அத்தை ஒன்று அடித்து நிறுத்தினாள். அவர் காத்திருந்தார். அவர் சலித்துப்போய் ஆரம்பித்த நேரத்தில் அத்தை மூன்று அடித்தாள். அப்புறம் ஐந்து. அப்புறம் ஒன்றும் இல்லை.

"அத்தை, தாளத்துல தட்டுங்க. அவரு உங்ககூட வாசிக்கப் பாக்குறாரு" என்றேன்.

"தாளத்துல தட்டுனா கிளி பழகிக்கிரும். அடுத்த அடி எப்ப விழுகும்னு அதுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பயம் போயிரும். நீ போயி ஆடு. இது வேலை."

நான் ஆடப் போகவில்லை. வரிசையில் இருந்த பெங்களூர்ப் பையன் கையை நீட்டினான். போகக் கூடாது என்று கால் கேட்குமா? அதனால் காலை மடக்கி வைக்க ஒரே வழியாக, மஞ்சள் சேலையையும் வேறொரு சேலையையும் புதிதாக விரித்து, பந்தலுக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மீதி முக்கால் மணி நேரத்தையும் அங்கிருந்துதான் கேட்டேன்.

பந்தலுக்குள் உட்கார்ந்து பார்த்தால் வெளியே இடுப்புக்குக் கீழேதான் தெரியும். பூட்ஸ், செருப்பு, வெறுங்கால், பாடகியின் ஓட்டப் பந்தய ஷூ எல்லாம் புழுதிக்குள் குறுக்கே போய், பக்கத்தில் வந்து, உதைத்து, மிதித்தன. இலைகளுக்கு நடுவே அந்த நடுக்கட்டைச் சுரம் வந்து விழுந்தது. பழத்தின் மணம் வெயிலில் ஏறியிருந்தது. அவ்வப்போது எனக்குப் பக்கத்தில் துணியில் டொப்பென்று ஒரு பழம் விழும்.

கயிற்றோரத்தில் அத்தையின் கால்களும் தெரிந்தன. மேலே அவள் கை டின்னை ஒழுங்கில்லாமல்தான் தட்டிக்கொண்டிருந்தது, காதால் கேட்டேன். கீழே அவளுடைய வலது கால், ஆறாவது எண்ணுக்குத் தப்பாமல், மண்ணை மிதித்துக்கொண்டிருந்தது. இதை நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முடிந்ததும் எண்ணினேன். பதினாறு.

"பதினாறா? இன்னொருக்க எண்ணு" என்றாள் அத்தை. எண்ணினேன். பதினாறுதான். பாடகி கிளம்பும்போது அத்தை நல்ல கொத்தாக இரண்டை வெட்டி வாழை இலையில் சுற்றிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கும்போது இரண்டு கையாலும் அடியில் தாங்கி வாங்கினார்.

நான் மூன்று வருடமாகக் காத்திருந்த குழு அதற்கப்புறம் வந்தது. நன்றாகத்தான் பாடியிருப்பார்கள். இருபத்திரண்டு பழம் விழுந்தது. அது மட்டும்தான் நினைவிருக்கிறது.

மூட்டையில் போன பழம் போனதுதான். அந்த ஒரு வரிசையோடு போயிற்றா, மற்றக் கொத்துகளும் உள்ளுக்குள் தளர்ந்திருக்குமா என்பது புதன்கிழமைதான் தெரியும். திங்களும் செவ்வாயும் நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு டின் தட்டினேன். பொறுப்பு என்று சொன்னவள் நான்தானே. ஒரு மணி நேரம் கழித்து அத்தை வந்து பார்த்தாள். தென்னையிலிருந்து நாலைந்து கிளிகள் இறங்கி, எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தன.

"ஏண்டி, ஆறாறா அடிக்கிற?"

"இல்லையே அத்தை."

"ஆறாவது அடிக்கு எந்திரிச்சு, அடுத்த அஞ்சுக்கும் திங்குது பாரு. கிளியை விரட்டச் சொன்னா கிளிக்குக் கச்சேரி வச்சிருக்க."

எவ்வளவு முயன்றாலும் கை அதற்கே போனது. தாளம் தப்பி அடிப்பது இவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பாட்டு வாத்தியாரும் சொல்லித் தந்ததில்லை. கடைசியில் போனில் வந்த ஆபீஸ் மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டேன். எங்கள் மேனேஜர் எப்போது எதை அனுப்புவார் என்று கடவுளுக்கே தெரியாது. கிளி கிட்டே வரவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் பாய் வந்தார். பின்னால் லாரி, பழம் வெட்டுகிற பெண்கள். அவர் நேராக மேடைப் பக்கத்து வரிசைக்குப் போனார். எந்த வரிசை என்று அவருக்குத் தெரியும், அன்று பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? ஒரு கொத்தைக் காம்பைப் பிடித்தார். அத்தை என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தாள். பாய் இரண்டு உலுக்கு உலுக்கினார்.

மூன்று விழுந்தன.

குனிந்து மூன்றையும் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்று முடித்தார்.

"ஆட வேண்டியதெல்லாம் ஞாயித்துக்கிழமையே ஆடி முடிச்சிருச்சு போல. லாரி தாங்கும்" என்றார். "தங்கச்சி, டீ போடு."

பிற்பகல் இரண்டு மணிக்கு லாரி நிறைந்தது. பாய் ஒவ்வொரு பெட்டிக்கும், "ஷீல்" என்றார். பெண்களும், "ஷீல், ஷீல்" என்று சொல்லிக்கொண்டே தூக்கிக் கொடுத்தார்கள். இப்போது தோட்டத்து வேலையில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

சீனியர் போன வாரம் கூப்பிட்டார். அடுத்த வருடமும் நிலம் கிடைக்குமா என்று கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு அத்தை முன்னால் நீட்டினேன். அவள் கவாத்துக் கத்தரியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"அந்த இஸ்திரிக்காரரு வேணாம். பெட்டியெல்லாம் முதல்லயே மலையைப் பாத்து வைக்கணும். அந்தப் பொண்ணு வாராகளான்னு கேட்டுச் சொல்லுங்க. அந்த வெள்ளைச் சேலையில கறை போகலை, ஆனா துவைச்சு வச்சிருக்கேன்."